பாதிச் சுருட்டு

எங்கள் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு குரல். ஏரிக்கு அந்தப் பக்கம் கழனியில் நின்றுகொண்டு "சோறு எங்க?" என்று ஒரு சத்தம் கொடுத்தாரென்றால், எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அவரவர் அடுப்பை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அவர் யாரிடமாவது ரகசியம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதான். அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் என் அம்மா தலை காட்டமாட்டாள். மூத்தார் என்கிற மரியாதை ஒன்று, காது அடைத்துப்போகும் என்கிற பயம் ஒன்று. அந்தக் குரல்தான் முதலில் போயிற்று.

உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில், பஸ் போகும் ஆனால் நிற்காத ஊர் எங்களுடையது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று பெரியம்மாவுடையது. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. அதனால் நான் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் அம்மாவுக்கும் நைனாவுக்கும் மகள். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் பெரியம்மாவின் மகள். இதில் யாருக்காவது மனக்குறை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இல்லை. எந்த அடுப்பில் நல்ல குழம்போ அங்கே நான்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் அத்தைப் பிள்ளை மாமன் பிள்ளை. ஒரே தெரு மண்ணில் உருண்டவர்கள். அதனால் பெரியம்மா யார் முன்னாலும் அவரை 'நீ' என்றுதான் பேசுவாள். புருஷனை இப்படியா பேசுவது என்று ஊரில் முணுமுணுப்பு உண்டு. பெரியம்மா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

பெரியப்பாவின் வாயில் குரல் இல்லாத நேரத்தில் சுருட்டு இருக்கும். உத்திரமேரூர் கடைத்தெருவில் கட்டாக வாங்கி வருவார். நடுவில் பருத்து இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும் சுருட்டு அது. வாயில் வைக்கும் முனை மூடியிருக்கும். அதைத் திறந்தால்தான் புகை வரும். ஊரில் மற்ற ஆம்பிளைகள் அந்த முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுப் பற்றவைப்பார்கள். பெரியப்பாவும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் துப்பினாராம், அதுவும் பெரியம்மா அப்போதுதான் சாணி தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்டு முடித்த வாசலில். பெரியம்மா துடைப்பத்தோடு நின்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள் என்றும், பிறகு தன் பாக்குவெட்டியை எடுத்துவந்து, "இனிமே இதுல வெட்டிக்கினு புடி" என்று சட்டம் போட்டாள் என்றும் கதை. சட்டம் போட்டவளே வெட்டவும் வேண்டியதாயிற்று. பெரியப்பா வெட்டினால் மேல் இலை பிரிந்துபோகும். பெரியம்மா பாக்கு சீவிப் பழகிய கை. சின்னதாக ஒரு சத்தம் கேட்கும், முனை மட்டும் ஒரு மிளகு அளவுக்குத் தனியாக விழும்.

அந்த முனைக்கு எங்கள் வீட்டில் மூக்கு என்று பேர். பெரியப்பா கழனியிலிருந்து வந்து காலைக் கழுவியதும், "மூக்க நறுக்கு!" என்று கத்துவார். வீட்டுக்கு வந்த விருந்தாளி புதிது என்றால் திடுக்கிட்டுப்போவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

எனக்கும் ஒரு வித்தை உண்டு. யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவேன். மூக்கால் பேசும் எங்கள் கணக்கு சார், டிக்கெட்டை எச்சில் தொட்டுக் கிழிக்கும் பஸ் கண்டக்டர், எண்ணெய்க்காரம்மாள் என்று ஊரில் யாரையும் விட்டுவைத்ததில்லை. அம்மா பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பாள். பெரியப்பாதான் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எங்க, இன்னைக்கி ஆரு?" என்று கேட்பவர். நான் பேசிக் காட்ட, சுருட்டுப் புகையும் சிரிப்புமாக அவருக்குப் புரை ஏறும். அந்தச் சிரிப்புக்காகவே நான் பள்ளிக்கூடத்தில் பாடத்தைக் கவனிக்காமல் வாத்தியாரைக் கவனித்தேன்.

அந்த வருஷம் ஆடியில் அவர் குரல் கம்மியது. ஏர் ஓட்டிக் கத்தியதில் கட்டிக்கொண்டது என்றார்கள். பெரியம்மா சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தாள். தூதுவளை ரசம் வைத்தாள். உள்ளூர் வைத்தியர் ஏதோ சூரணம் கொடுத்தார். குரல் வரவில்லை. சோறு விழுங்கும்போது முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார். ஒருநாள் அவர் தோளில் கிடந்த துண்டை அலசப்போன பெரியம்மா அதில் ரத்தத்தைப் பார்த்துவிட்டாள். மறுநாளே நைனா அவரைக் காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

என்ன நோவு என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'தொண்டையில புண்ணு' என்றார்கள். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சுருட்டை இன்றோடு விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள்.

பெரியப்பா விட்டார். விட்ட அந்தக் கொஞ்ச நாள் வீடு வீடாக இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளினார். மாட்டை அடித்தார், அது வரைக்கும் அவர் மாட்டை அடித்து யாரும் பார்த்ததில்லை. என்னைப் பேசிக் காட்டச் சொல்லவில்லை. நானாகப் போய் எண்ணெய்க்காரம்மாள் மாதிரி பேசினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா உள்ளேயிருந்து இதைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பாக்குவெட்டியும் ஒரு சுருட்டுமாக வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

அவள் யோசனை இதுதான். எங்கள் ஏரி மதகில் முனீஸ்வரன் இருக்கிறார். அவருக்குச் சுருட்டு என்றால் உயிர். வேண்டுதல் உள்ளவர்கள் சுருட்டைப் பற்றவைத்துச் சூலத்துக்கு முன்னால் கல்லின்மேல் வைப்பார்கள். அது நடுவில் அணையாமல் கடைசி வரைக்கும் எரிந்துவிட்டால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பெரியம்மா சுருட்டை நடுவில் வைத்து வெட்டினாள்.

"பாதி உனுக்கு, பாதி முனீஸ்வரனுக்கு," என்றாள். "சுருட்டுல பாதி வாங்கிக்கினவரு உன் நோவுலயும் பாதி வாங்கிக்க மாட்டாரா?"

டாக்டர் சொன்னதிலும் பாதியைக் கேட்ட மாதிரி ஆயிற்று, புருஷன் ஆசையிலும் பாதியைத் தீர்த்த மாதிரி ஆயிற்று. பெரியம்மாவின் நியாயங்கள் இப்படித்தான் இருக்கும். நைனா வந்து கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடுவில் வெட்டிய சுருட்டு லேசில் சொன்னபடி கேட்காது. வெட்டிய இடத்தில் இலை விரிந்து தூள் கொட்டும். பெரியம்மா ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஓரத்தில் தடவி ஒட்டுவாள். பெரியப்பா வாயில் வைப்பதற்கு முன்னாலேயே சாமி பங்கைத் தனியாக எடுத்து மாடத்தில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எச்சில் பட்டதாகிவிடும். மூக்குள்ள பாதி அவருக்கு. மறுபாதி சாமிக்கு.

"உன் சாமித் துண்டு மட்டும் பெரிசா கீதே?" என்பார் பெரியப்பா, காற்றாகப் போன குரலில். அளந்து பார்க்கத் தீக்குச்சி கேட்பார். பெரியம்மா அவர் கையைத் தட்டிவிடுவாள். வீட்டில் மறுபடியும் சிரிப்பு வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, இன்றைக்கு யார் என்று சைகையில் கேட்டார். அவருக்குச் சிரித்தால் வலித்தது. தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பொழுது சாய்வதற்கு முன் பெரியம்மா மதகுக்குப் போவாள், நான் கூடவே போவேன். ஐப்பசி வந்து ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கரையின்மேல் காற்று ஆளைத் தள்ளும். பெரியம்மா சாமித் துண்டைப் பற்றவைத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு மறைப்பாக நிற்பாள். அது எரிந்து முடிகிற வரைக்கும் நிற்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் அங்கே அப்படி நின்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மழை தூறிய ஒருநாள் துண்டு பாதியில் அணைந்துவிட்டது. பெரியம்மா அதையே திரும்பத் திரும்பப் பற்றவைத்தாள். தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. குச்சி எல்லாம் தீர்ந்ததும் என்னை மதகிலேயே உட்காரவைத்துவிட்டு, கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஓடிப்போய்த் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடுவில் நைனா பெரியப்பாவை அழைத்துக்கொண்டு அடிக்கடி காஞ்சிபுரம் போய் வந்தார். தொண்டைக்குக் 'கரண்ட் வைக்கிறார்கள்' என்றார்கள். எனக்கு மோட்டார் கொட்டகையில் இருக்கும் கரண்ட்தான் தெரியும், தொட்டால் தூக்கி எறியும். பெரியப்பா எப்படித் தாங்குகிறார் என்று பயமாக இருந்தது. அவர் கழுத்துத் தோல் கருகிக் கறுத்துப்போயிற்று. கஞ்சி மட்டும்தான் இறங்கியது. சட்டை தோளிலிருந்து நழுவியது. பாதிச் சுருட்டையும் அவர் முழுதாகக் குடிக்க முடியாமல் வைத்துவிடுவதைப் பெரியம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி எடுத்துப்போவாள்.

அரைப்பரீட்சை லீவில் ஒருநாள் என்னையும் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போனார்கள். நான் அழுது புரண்டதால்தான். பெருநகர் வரைக்கும் வண்டி கட்டிக்கொண்டு போய் அங்கே பஸ் ஏறினோம். பெரியப்பா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தெரிந்த கழனிகளைக் காட்டிக் காட்டி, இது யாருடையது, பயிர் எப்படி என்று சைகையிலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை வெகு நேரம் பார்த்தார். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அவரை வெளியே போய் உட்காரச் சொன்னார். வாசலில் ஒரு வேப்பமரமும் அதைச் சுற்றி ஒரு சிமெண்டு மேடையும் இருந்தன. பெரியப்பா போய் அங்கே உட்கார்ந்தார். உள்ளே நைனாவும் பெரியம்மாவும், பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இருந்தோம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அதையெல்லாம் கவனித்துக்கொண்டேன். பெரியப்பாவுக்குச் செய்து காட்ட வேண்டுமே.

"இனிமே கரண்ட் வைக்க வேணாம்மா," என்றார் அவர் மெதுவாக. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பத்தியம் எதுவும் பாக்காதீங்க. ஆசப்பட்டு எது கேட்டாலும் குடுங்க."

பெரியவர்கள் கேட்பார்கள் என்று பார்த்தேன். நானே கேட்டுவிட்டேன்.

"சுருட்டு கேட்டா?"

டாக்டர் என்னை அப்போதுதான் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, "அதுவும் குடுக்கலாம் பாப்பா," என்றார்.

பெரியம்மா முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். நைனா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். சந்தோஷத்தில் அழுவதை நான் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். முனீஸ்வரன் கேட்டுவிட்டார், கரண்டும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம், முழுச் சுருட்டே குடிக்கலாம். இதைவிட என்ன வேண்டும்? நான் பெரியம்மாவின் கையை உதறிவிட்டு வெளியே ஓடினேன்.

"பெரிப்பா, உனுக்கு சரியாப்பூட்ச்சாம்!" என்று மேடையில் ஏறி அவர் பக்கத்தில் குதித்தேன். "முழு சுருட்டும் புடிக்கலாமாம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கிட்டத்தில் இழுத்து, காதோடு காதாக, "டாக்டரு எப்டி சொன்னாரு? அப்டியே சொல்லிக் காட்டு," என்றார்.

அதற்காகத்தானே ஓடிவந்தேன். இறங்கி அவர் எதிரில் நின்றேன். இல்லாத கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டரின் குரலிலேயே, அவர் நிறுத்தின இடத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். இனிமே கரண்ட் வைக்க வேணாம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பத்தியம் எதுவும் பாக்காதீங்க. ஆசப்பட்டு எது கேட்டாலும் குடுங்க. நான் சுருட்டு கேட்டதையும், அவர் குனிந்து பதில் சொன்னதையும்கூட விடவில்லை.

அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னால் யாரையும் பேசிக் காட்டியதில்லை. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. குரல் போன பிறகு அவர் சிரிப்பது அப்படித்தான் இருக்கும், சத்தமே வராமல் தோள் மட்டும் ஆடும். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. சிரித்தால் அவருக்கு அதுவும் வரும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"கண்ணு," என்றார். "இத நீ எங்கிட்ட சொன்னன்னு பெரிம்மாகிட்ட சொல்லாத. அவளே வந்து சொல்லட்டும். நான் கேக்காத மாதிரியே கீறேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நல்ல சேதியைப் பெரியம்மா தன் வாயால் சொல்ல ஆசைப்படுவாள், நான் முந்திக்கொண்டது தெரிந்தால் அவளுக்குச் சப்பென்று போய்விடும். சரி என்று தலையாட்டினேன். சத்தியமா என்று கையை நீட்டினார். அடித்துக் கொடுத்தேன்.

நைனாவும் பெரியம்மாவும் வெகு நேரம் கழித்து, குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று பெரியப்பா கேட்கவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நைனா ஒரு கட்டுச் சுருட்டு வாங்கினார். சுருட்டு நாற்றம் அடித்தால் தட்டோடு எழுந்துபோகிறவர் என் நைனா. அன்றைக்கு, இருப்பதில் உசத்தியாக எடு என்று கடைக்காரரிடம் அவர் கேட்டு வாங்கியதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் பெரியம்மாவும் பின்னால். அவள் என் தலையைக் கோதிக்கொண்டே வந்தாள். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரு சொன்னத பெரிப்பாகிட்ட போயி சொன்னியா?"

"இல்ல," என்றேன்.

"சொல்லாத, இன்னா? எப்பவும் சொல்லாத." என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவளுக்கும் சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரை ஆச்சரியப்படுத்தப்போகிறார்கள், அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊர் வந்து சேரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் பெரியம்மா சொன்னாள். கட்டைப் பிரித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னாள். புண்ணு ஆறிக்கினு வருதாம், பலவீனம்தானாம், தை பிறந்தால் எழுந்து நடமாடலாமாம், முழுச் சுருட்டே கொடுக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். பெரியப்பா கண்ணை அகலமாக விரித்தார். நிஜமாவா என்பதுபோலக் கையைத் திருப்பிக் கேட்டார். பிறகு ஏரி இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டார். நான் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடேயப்பா, நம்மைவிட நன்றாகச் செய்கிறாரே என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

பெரியம்மா முழுச் சுருட்டில் மூக்கை மட்டும் நறுக்கி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கையால் நடுவில் வெட்டுகிற மாதிரி காட்டினார். அவள் வேண்டாம் என்றாள், இனிமேல் அதெல்லாம் எதற்கு என்றாள். அவர் அவளைக் கிட்டத்தில் வரச்சொல்லி, மூச்சை இழுத்துப் பிடித்துப் பேசினார்.

"சாமி பங்க நிறுத்தாத. பாதியில நிறுத்துனா அவரு கோச்சிக்க மாட்டாரா? முழுசா எழுந்து நின்னப்புறம் நிறுத்திக்கலாம்."

பெரியம்மா சுருட்டை நடுவில் வைத்து வெட்டினாள். பாக்குவெட்டி வழுக்கியதில் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சின்னதாகவும் போயிற்று. அவர் சின்னதை எடுத்துக்கொண்டார். அவள் எழுந்து அம்மாவின் அடுப்பங்கரைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். "பொழச்சிக்குவோம்னு நம்பிக்கினு கீறாரு," என்று அம்மாவின் தோளில் சாய்ந்து சொன்னாள். "அப்டியே இருக்கட்டும். ஒண்ணும் தெரிய வேணாம் அவருக்கு." அம்மாவும் அழுதாள். எனக்கு அலுப்பாக இருந்தது. முழுதாகக் குடிக்கலாம் என்று சொன்ன பிறகும் இவர் ஏன் பாதியைக் கேட்கிறார், இவர்கள் ஏன் இதற்குப் போய் அழுகிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை.

அதற்கப்புறம் அவர் குடித்தார் என்று சொல்ல முடியாது. பற்றவைத்துத் தரச் சொல்வார். ஒரு தரம் வாயில் வைத்து எடுப்பார். இரும ஆரம்பித்தால் நிற்காது என்பதால் விரலில் பிடித்துக்கொண்டு, எரிவதையே பார்த்துக்கொண்டிருப்பார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், ஆர்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக. எல்லோருக்கும் பெரியம்மா வாசலிலேயே கண்ணைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அவர்களும் உள்ளே வந்து, முகம் தேறியிருக்கிறது, தைக்கு எழுந்துவிடுவாய் என்று சொன்னார்கள். பெரியப்பா எல்லோருக்கும் தலையாட்டினார். நைனாவைக் கூப்பிட்டு, அறுப்பு முடிந்ததும் மேட்டுக் கழனியில் என்ன போடலாம் என்று சைகையில் யோசனை கேட்டார். வேர்க்கடலை போடலாம் என்று நைனா சொன்னார். விதைக்காயை எங்கே வாங்குவது என்பதுவரை இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். அதைச் சொல்லிவிட்டு நைனா மாட்டுக் கொட்டகையில் போய் நின்றுகொண்டார்.

பெரியம்மா மதகுக்குப் போவதை நிறுத்தவில்லை. காற்றுக்கு முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் நிறுத்தவில்லை.

அறுப்பு முடிந்து, களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பெரியப்பா போய்விட்டார். பெரியம்மா அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆள் அனுப்பி அழைத்துப்போனார்கள்.

வாசலில் பந்தல் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். வருகிற பெண்கள் எல்லோரையும் பெரியம்மா கட்டிக்கொண்டு ஒன்றையே சொன்னாள். "ஒரு வார்த்த தெரியாது அவருக்கு. பொழச்சிக்குவோம்னு நெனச்சிக்கினே பூட்டாரு. அந்த மட்டுக்கும் முனீஸ்வரன் கண்ணத் தொறந்தாரு." வந்தவர்களும் அதைத்தான் பெரிதாகப் பேசினார்கள். தெரியாமல் போவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்றார்கள்.

பெரியம்மா அதற்கப்புறம் பல வருஷம் இருந்தாள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த இடத்துக்கு வந்துவிடுவாள். அவருக்குத் தெரியவே தெரியாது என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, நைனாவுக்கு வயதாகி, அவரை வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வீட்டுக்கு அழைத்துப்போங்கள், ஆசைப்பட்டது எல்லாம் கொடுங்கள் என்றார். வேப்பமரத்தடியில் யாருக்கு என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டு அவர் எனக்காகச் சிரித்துக் காட்டியதும், அவளுக்காகப் பாதிச் சுருட்டைக் கேட்டு வாங்கியதும் தெரிந்தது. பெரியம்மா அப்போது உயிரோடுதான் இருந்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவருக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியம்மா சொல்லும்போதெல்லாம், தெரியுமே, நான்தான் அன்றைக்கே சொல்லிவிட்டேனே என்று வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் பண்ணிக்கொடுத்திருந்ததால் விழுங்கிக்கொண்டேன். தெருவே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை, பெரியப்பாவின் மேல் கோபம்தான் வந்தது. டாக்டரே சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகு இவர் எதற்காகச் செத்துப்போனார் என்று நினைத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.